பழைய காருக்குப் பாலிசி எடுக்குமுன் பேசி முடிக்க வேண்டிய விலை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, அந்த ஊரில் ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் அதிகமான மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தெருவில் நின்ற புதிய கார்களின் உரிமையாளர்கள் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் ஃபியட்டையோ அம்பாசடரையோ துணி போர்த்திப் பாதுகாத்து வைத்திருந்தவர்களுக்கு அப்படி அழைக்கும் வழி பெரும்பாலும் இல்லை. எனக்குத் தெரிந்த பழைய வண்டிக்காரர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டுமே. வெள்ளம் தம் வண்டிக்குச் செய்த சேதத்துக்கு அந்தப் பாலிசி ஒரு ரூபாய்கூடத் தராது.

"பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி போதும்" என்று முகவர் மேசையில் ஐந்து நிமிடத்தில் எடுக்கப்படும் முடிவு அது. விலை குறைந்துகொண்டே போகிற பத்து வயது காருக்கு அந்த முடிவு சரியாக இருக்கலாம். ஆனால், தேடி வாங்கி, பட்டறையில் மாதக்கணக்கில் நிறுத்தி, டிங்கரிங்கும் பெயின்டிங்கும் செய்து, ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் சென்னைப் புதுப்பேட்டை வரை அலைந்து மீட்டெடுத்த ஒரு 1972-ஆம் ஆண்டு வண்டியின் விலை ஆண்டுதோறும் குறைவதில்லை. நமது மோட்டார் காப்பீடோ, எல்லா வண்டியும் தேய்ந்துகொண்டே போகும் என்ற கணக்கின்மேல் கட்டப்பட்டது. பழைய காருக்குக் காப்பீடு தேர்ந்தெடுப்பதன் சிக்கல் முழுவதும் இந்த முரணிலிருந்தே வருகிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய கார்களுக்கென்றே தனிப் பாலிசிகள் உண்டு. வண்டியின் விலையை உரிமையாளரும் நிறுவனமும் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்வார்கள். வண்டி முழுதாக அழிந்தால் பேசிய தொகை அப்படியே கிடைக்கும். இந்தியாவில் பெரும்பாலான பழைய கார்கள் மற்ற கார்களுக்கான அதே பாலிசிக்குள்தான் வருகின்றன. அதன் வாசகம், அன்று எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டியிருந்த 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண ஏட்டில் வகுக்கப்பட்டது. 2007 ஜனவரி முதல், நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பிரிவின் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆனபிறகும், பாலிசியின் வாசகம் பெரும்பாலும் அந்த ஏட்டின் வழியிலேயே தொடர்கிறது. அந்த வாசகத்துக்குள்ளேயே பழைய காருக்கான ஒரு வாசல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்புதான் அந்த வாசல்; வண்டி முழுதாக அழிந்தாலோ திருட்டுப் போனாலோ நிறுவனம் தரும் தொகைக்கு அதுவே அளவு. புதிய வண்டியின் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15 சதவீதம் என்று கழித்துக்கொண்டே வந்து, நான்கு முதல் ஐந்து ஆண்டு வரையிலான வண்டிக்கு 50 சதவீதம் கழிப்பதோடு தேய்மான அட்டவணை நின்றுவிடுகிறது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கும், தயாரிப்பு நிறுத்தப்பட்ட மாடல்களுக்கும், நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே ஐடிவி என்று ஏடு சொல்கிறது. அம்பாசடரின் தயாரிப்பு 2014-இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதன் பின்வந்த கெஸலும் சாலைக்கு வருவது நின்று ஒரு தலைமுறை கடந்துவிட்டது. எனவே இந்த வண்டிகள் வயதாலும் மாடலாலும் இரண்டு முறை அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. இவற்றின் மதிப்பைப் பேசித் தீர்மானிக்க உரிமையாளருக்கு முழு இடம் உண்டு. நடைமுறையில் அந்தப் பேச்சு நடப்பதேயில்லை. கணினி காட்டும் நாற்பதாயிரமோ அறுபதாயிரமோ அப்படியே அச்சாகி வருகிறது. பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று நாமும் கையெழுத்திட்டு விடுகிறோம்.

குறைந்த ஐடிவி எழுதியதால் திருட்டுப் போனால் மட்டும்தான் நட்டம் என்று நினைப்பது தவறு. வண்டியை மீட்டுப் பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், பாலிசி அதை முழு இழப்பாகக் கருதும். ஒரு பத்மினிக்கு 60,000 ரூபாய் ஐடிவி எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 75 சதவீத எல்லை 45,000 ரூபாய். கொட்டகைமேல் மரம் விழுந்து கூரையும் போனெட்டும் நசுங்கினால், இன்றைய கூலியில் டிங்கரிங், பெயின்டிங், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயை எளிதில் தொடும். உடனே அது "டோட்டல் லாஸ்" ஆகிவிடுகிறது. நிறுவனம் 60,000 ரூபாயில் கோரிக்கையில் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவான 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம்; அல்லது நசுங்கிய வண்டியின் விலையையும் கழித்துக்கொண்டு அதை நம்மிடமே விட்டுவிடலாம். இரண்டு மாதத்தில் சரிசெய்துவிடக்கூடிய வண்டி, எழுதியிருந்த எண் சிறியது என்ற ஒரே காரணத்தால் பழைய இரும்புக் கணக்கில் போய்ச் சேருகிறது. அதே வண்டிக்கு 3 லட்சம் ரூபாய் எழுதியிருந்தால், அந்த 50,000 ரூபாய் ஒரு சாதாரணப் பழுதுபார்ப்புக் கோரிக்கையாக முடிந்திருக்கும்.

சரியான மதிப்பை எழுத எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். பத்து ஆண்டுகளைத் தாண்டிய, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு 2002-ஆம் ஆண்டு ஏட்டின் சொந்தச் சேதக் கட்டணம், ஐடிவியில் ஏறக்குறைய மூன்றரை சதவீதம். இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறினாலும் கணக்கைப் புரிந்துகொள்ள அது போதும். 60,000 ரூபாயை 3 லட்சமாக உயர்த்தினால் கூடும் பிரீமியம் ஆண்டுக்குச் சுமார் 8,000 ரூபாய். கோரிக்கை எதுவும் இல்லாமல் ஐந்து ஆண்டு கடந்து 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்தவருக்கு அதில் பாதிதான். பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிக்கு அந்த போனஸைக் காப்பாற்றுவது எளிது. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

ஆனால் மூன்று லட்சம் என்று வாயால் சொன்னால் எந்த அலுவலகமும் எழுதிக்கொள்ளாது. அந்தப் பேச்சுக்குத் தாள்கள் வேண்டும். உரிமம் பெற்ற ஒரு மோட்டார் சர்வேயரைப் பணம் கொடுத்து வரவழைத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்குவது முதல் வேலை. பட்டறை ரசீதுகள், உதிரிபாக பில்கள், சீர்செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த தேதியுள்ள படங்கள், அதே மாடல் அண்மையில் விலைபோனதற்கான சான்று ஆகியவற்றை அதோடு சேர்த்து எழுத்துவடிவில் விண்ணப்பிக்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் பெரும்பாலான வேலை துண்டுச்சீட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டு முறையான பில்லாக வாங்கி வைப்பது சங்கடமாக இருந்தாலும் செய்தே ஆக வேண்டும். நாளை கோரிக்கை வரும்போது சர்வேயரின் முன் நமக்காகப் பேசப்போவது அந்தத் தாள்கள்தான்.

பேசி எழுதிய ஐடிவிக்கும் ஓர் எல்லை உண்டு. முழு இழப்பிலும் திருட்டிலும் மட்டுமே அது முழுதாக உதவும். பகுதிச் சேதத்தில் மாற்றப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தேய்மானம் பிடிக்கப்படுகிறது: ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம், ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம், கண்ணாடிக்கு எதுவுமில்லை, இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்ப. பத்து ஆண்டைத் தாண்டிய எல்லா வண்டிக்கும் அது 50 சதவீதம். பதினோரு வயது வண்டிக்கும் அறுபது வயது வண்டிக்கும் இங்கே வேறுபாடில்லை. இந்தத் தேய்மானத்தை நீக்கும், "பம்பர் டு பம்பர்" என்று சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்பு இவ்வளவு வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆறுதலான ஒன்று, கூலிக்குத் தேய்மானம் கிடையாது என்பது. பழைய வண்டியில் பாகத்தைக் கழற்றி எறிந்து புதியது மாட்டும் வேலை குறைவு. தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து செய்யும் வேலையே அதிகம். எனவே பட்டறைக்காரர் மொத்தமாக ஒரு தொகை எழுதித் தந்தால் நமக்கு நட்டம். கூலி தனி, பாகம் தனி என்று பிரித்து எழுதி வாங்கினால் கிடைக்கும் தொகை கூடும். பெயின்டிங்கில் பொருள்செலவுக்கு மட்டுமே 50 சதவீதம் கழிக்கப்படும். பிரிக்காத பில்லானால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருள்செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்.

கடலூர், புதுச்சேரிக் கரைக்குரிய ஆபத்துகளைத் தனியாகவே பேச வேண்டும், ஏனெனில் இங்கே பழைய காருக்கு நேரும் சேதத்தில் சாலை விபத்தைவிடத் தண்ணீரும் காற்றுமே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள், கொட்டகையில் நிற்கும் வண்டி பத்திரமானது என்று சொல்லமாட்டார்கள். 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டம் மறுபடி வெள்ளத்தில் கிடந்தது. 2020 நவம்பரில் நிவர், அதன்பின் ஃபெஞ்சல். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் முழுப் பாலிசி தீ, மின்னல், திருட்டு, கலவரம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாவற்றையும் பெயர்சொல்லியே உள்ளடக்குகிறது. ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கென்று தீ, திருட்டு ஆகிய இரண்டுக்கு மட்டும் எடுக்கும் குறுகிய வகையும் உண்டு. மலிவாக இருப்பதால் சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். வெள்ளமும் விழும் மரமும் அதற்குள் வருவதில்லை என்பதால், தேவனாம்பட்டினத்திலோ அரியாங்குப்பத்திலோ வண்டி வைத்திருப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

முழுப் பாலிசி இருந்தாலும் தண்ணீர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளநீர் உள்ளே புகுந்து இருக்கையும் வயரிங்கும் கெட்டால் அது வெள்ளச் சேதம். தண்ணீர் வடிவதற்குள் ஆவலில் சாவியைத் திருப்பி, எஞ்சினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், அதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாக ஏற்காமல் பின்விளைவு என்றும் இயந்திரக் கோளாறு என்றும் நிறுவனம் மறுக்க இடமுண்டு. பாலிசியின் விலக்குகளில் இவை இரண்டும் இருக்கின்றன. ஆகவே தண்ணீர் சக்கரத்துக்குமேல் ஏறிய வண்டியைத் தொடாமல், பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, நீர்மட்டக் கறை தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை காத்திருப்பதே சரி. உப்புக்காற்றில் வரும் துரு வேறு கதை. அது நாள்பட்ட தேய்வு என்பதால் எந்தப் பாலிசியும் ஏற்காது. வெள்ளக் கோரிக்கையின்போது அடித்தட்டில் ஏற்கெனவே இருந்த துருவைக் காட்டித் தொகையைக் குறைப்பார்கள் என்பதால், மழைக்காலத்துக்கு முன்பே வண்டியின் அடிப்பாகத்தைப் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது நல்லது.

"வின்டேஜ்" என்ற சொல்லைச் சுற்றி இருக்கும் குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். 2002-ஆம் ஆண்டு ஏடு, 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான, உரிய மன்றத்தின் சான்று பெற்ற கார்களையே வின்டேஜ் என்று கொண்டு சொந்தச் சேதப் பிரீமியத்தில் சலுகை அளித்தது. மத்திய அரசு 2021 ஜூலையில் அறிவித்த மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் வின்டேஜ் எனப் பதிவுபெறலாம். புதிய பதிவெண்ணில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து "விஏ" என்று வரும். பழைய எண் உள்ள வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இவ்வாறு பதிவான தனியார் காருக்கு, 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண விதிகள் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி தருகின்றன.

இந்தத் தள்ளுபடிக்காக ஓடுவதற்கு முன் பென்சிலை எடுக்க வேண்டும். அந்த விதிகளில் 1,000 சிசி-க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்குமேல் 7,897 ரூபாய். 948 சிசி ஹெரால்டு முதல் வரிசையிலும், 1,089 சிசி ஃபியட்டும் 1,489 சிசி அம்பாசடரும் இரண்டாவதிலும், பின்னாளில் இசுசு எஞ்சினோடு வந்த 1,817 சிசி அம்பாசடர் மூன்றாவதிலும் விழும். ஒரு 1968-ஆம் ஆண்டு ஃபியட்டுக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 1,708 ரூபாய், பத்தாண்டில் 17,080, ஜிஎஸ்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 20,000. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டியவருக்குக் கட்டிய தொகை அப்படியே திரும்புகிறது, அவ்வளவுதான். அதற்கு ஈடாக வண்டியின் சுதந்திரம் போகிறது: வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிறு மாலை குடும்பத்தோடு கடற்கரைச் சாலைக்குப் போய்வருவதுதான் உங்கள் வண்டியின் பயன் என்றால், சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, சாதாரணத் தனியார் கார் பாலிசியில் சரியான ஐடிவி எழுதி வைத்துக்கொள்வதே உங்களுக்கு ஏற்றது.

பயன்பாட்டைப் பற்றிய இந்தக் கவனம் எல்லாப் பாலிசிக்கும் வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளில் படப்பிடிப்பும் திருமணப் படமெடுப்பும் நடக்காத வாரம் அரிது. அழகான பழைய கார் வைத்திருப்பவரிடம் "ஒரு நாளைக்குக் கொடுங்கள்" என்று கேட்பவர்களும் குறைவில்லை. வாடகைக்கோ வேறு ஊதியத்துக்கோ ஓட்டுவதைத் தனியார் கார் பாலிசி நேரடியாகவே விலக்குகிறது. அன்று நடக்கும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. யாருக்கேனும் காயம் பட்டால், நீதிமன்ற ஆணைப்படி நிறுவனம் கொடுத்த இழப்பீட்டைப் பின்னர் உரிமையாளரிடமே வசூலிக்கும் நிலையும் வரலாம். பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி ஆகியவையும் விலக்கில் உண்டு. பேரணியில் கலந்துகொள்வதற்கு முன் அதற்கான இணைப்பு ஒப்புதலைப் பாலிசியில் சேர்த்து வாங்க வழியிருக்கிறது. லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோகும்போது நேரும் சேதம் முழுப் பாலிசியில் ஏற்கெனவே அடங்கும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்கூடத் தடுக்கி விழும் இடம், வண்டியின் தாள்கள். பழைய வண்டிகள் பெரும்பாலும் கைமாறிக் கைமாறியே வருகின்றன. ஆர்சி புத்தகம் காலமான ஒருவரின் பெயரில் இருக்கும், வாங்கியவரிடம் கையெழுத்திட்ட படிவங்கள் மட்டும் இருக்கும். வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டிப் பாதுகாப்பு சட்டப்படி தானாகவே புதியவருக்கு மாறும், ஆனால் சொந்தச் சேதப் பாதுகாப்பு அவ்வாறு மாறாது என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பதினான்கு நாட்களுக்குள் நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றாதவர், மூன்று லட்சத்துக்கு எழுதியிருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். எஞ்சின் எண் அடுத்தது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அந்தக் காலத்தில் டீசல் எஞ்சின் மாற்றிப் போட்டவர்கள் ஏராளம். அந்த மாற்றம் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும், பாலிசியிலும் அதே எண் இருக்க வேண்டும். பின்னால் பொருத்திய ஏசி, கேஸ் கிட் ஆகியவற்றையும் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். புதுச்சேரி எண்ணோடு கடலூரில் நிற்கும் வண்டிகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஓராண்டுக்குமேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். பிரீமியத்துக்காக எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதில் பயனில்லை. கட்டண ஏட்டின்படி இரண்டு ஊர்களும் ஒரே "பி" மண்டலத்தில்தான் இருக்கின்றன.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. இணையத்தில் பதிவெண்ணைத் தட்டி வாங்கும் வழி, இவ்வளவு பழைய வண்டிக்குப் பெரும்பாலும் தேர்ட் பார்ட்டியை மட்டுமே காட்டும், அல்லது மாற்ற முடியாத ஓர் ஐடிவியைக் காட்டும். நேரில் போய்ப் பேசக்கூடிய கிளை அலுவலகமே இந்த வேலைக்கு ஏற்றது. பொதுத்துறை நிறுவனங்கள் நான்கிலும், சில தனியார் நிறுவனங்களிலும் மேலாளரிடம் கோப்போடு போய் உட்கார முடியும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கோரிக்கை தவறாக நிராகரிக்கப்பட்டால், நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்தபின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டோடு புதுச்சேரி நகரமும் காரைக்காலும் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம்.

ஒருமுறை பேசி எழுதிய மதிப்பு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். புதுப்பிப்பு நோட்டீஸைத் தயாரிக்கும் மென்பொருள் வழக்கம்போல ஒரு பங்கைக் கழித்து அச்சிட்டுவிடும். மூன்று லட்சம் சத்தமில்லாமல் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ஆகும், அதற்கடுத்த ஆண்டு இன்னும் குறையும். நோட்டீஸ் வந்தவுடன் பிரீமியத் தொகைக்கு முன் ஐடிவி கட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் பழைய மதிப்பீட்டு அறிக்கையின் நகலோடு திருத்தக் கோரி எழுத வேண்டும். பாலிசியின் முடிவுத் தேதி நவம்பரிலோ டிசம்பரிலோ விழுந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பாலிசி ஒரு நாள் விடுபட்டாலும் வண்டியை நேரில் பார்வையிட்ட பின்னரே புதியது தருவார்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அந்த வாரங்களில் பார்வையிட ஆள் வரும்வரை வண்டி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கொட்டகையில் நிற்கும்.